டானியலின் கழுத்து

நாத்திகர் ஒருவர் தேவை என்றுதான் என்னை ஒஸ்லோவுக்குக் கூப்பிட்டார்கள். கல்யாணத்துக்கு மேளக்காரருக்கு ஆள் சொல்வார்கள், சமையலுக்கு ஆள் சொல்வார்கள். நாத்திகருக்கு ஆள் சொல்லி நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் தொலைபேசியில் வசந்தி அப்படித்தான் சொன்னாள்.

"கோமு, நீ வந்தே ஆகவேணும். மாப்பிள்ளை கடவுள் இல்லையெண்டுறான். நீயும் கடவுள் இல்லையெண்டு திரியிறாய். உங்கள் ரெண்டு பேருக்கும் கதை ஒத்துப்போகும். அவனோடை கதைச்சு எப்பிடியாவது பிள்ளையாரைக் கும்பிட வைச்சிடு."

வசந்தி யாழ்ப்பாணத்துக் கொக்குவில்காரி. திருச்சியில் எங்கள் கல்லூரிக்குப் படிக்க வந்தவள். விடுதியில் எனக்குப் பக்கத்துக் கட்டில். படிப்பு முடிந்தபோது அங்கே போர், ஊர் திரும்ப முடியாத நிலைமை. நோர்வேக்குப் போய்ச் சேர்ந்து, அங்கேயே சிவநேசனைக் கட்டிக்கொண்டு, இப்போது ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். அவர்களுடைய ஒரே மகள் அபிராமி, பல் மருத்துவர். அவள் கட்டிக்கொள்ளப் போகிற டானியல் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஒஸ்லோவிலேயே பிறந்த யூதப் பையன், அதிலும் ஆசாரமான வீட்டுப் பையன். பையனுக்கு மட்டும் நம்பிக்கை போய்விட்டது.

கல்யாணம் முழுக்க நம் முறைப்படி. வேட்டி கட்ட ஒப்புக்கொண்டானாம், தலைப்பாகை வைக்க ஒப்புக்கொண்டானாம், தாலி கட்டவும் தீயைச் சுற்றி வரவும் சரி என்றானாம். ஒன்றுக்கு மட்டும் மாட்டேன் என்கிறான். தொடக்கத்தில் மஞ்சளில் பிடித்து வைக்கும் பிள்ளையாருக்கு முன்னால் தலையைக் குனிய மாட்டானாம்.

"கடவுளே இல்லையெண்டுறவனுக்கு ஒரு மஞ்சள் உருண்டைக்கு முன்னாலை குனிய என்னடி கஷ்டம்?" என்றாள் வசந்தி. எனக்கும் அதே சந்தேகம்தான். நான் திருவானைக்காவலில் விடிகாலைத் தேவாரம் கேட்டு வளர்ந்தவள். பதினெட்டு வயதில் எனக்கு நம்பிக்கை போனது, பால்பல் விழுகிற மாதிரி. வலியுமில்லை, சண்டையுமில்லை. கோவிலுக்கு யாராவது கூப்பிட்டால் போவேன், விபூதி கொடுத்தால் பூசிக்கொள்வேன். இல்லாத ஒருவரோடு என்ன மல்லுக்கு நிற்பது என்பது என் கட்சி. இந்தப் பையனுக்கு அதைப் புரியவைக்க அரைமணி நேரம் போதும் என்று நினைத்துத்தான் விமானம் ஏறினேன். அது இரண்டாயிரத்துப் பன்னிரண்டாம் ஆண்டு, ஜூன் மாதம்.

விமான நிலையத்திலிருந்து ரயில். ரயிலில் யாரும் யாரோடும் பேசவில்லை. எல்லாரும் பரீட்சை எழுதுகிறவர்கள்போல் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நிலையத்தில் பெட்டி முக்கால்வாசி காலியானது. நம் ஊரில் கூட்டம் இறங்குகிற இடத்தில் இறங்கினால் எப்படியும் உருப்படியான ஓர் இடத்துக்குப் போய்ச் சேரலாம். அந்த நம்பிக்கையில் நானும் இறங்கினேன். இறங்கிய பிறகுதான் பலகையைப் பார்த்தேன். லில்லெஸ்ட்ரோம். ஒஸ்லோ இன்னும் வரவில்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களின் பின்னால் போய் அவர்கள் வீட்டு வாசலில் இறங்கியிருக்கிறேன்.

மழை தூறிக்கொண்டிருந்தது. அந்த மழையில் நின்றுகொண்டு ஒருவர் நிதானமாக ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் வசந்தியின் எண்ணைக் காட்டினேன். ஐஸ்கிரீமை என் கையில் கொடுத்துவிட்டுத் தன் கைபேசியில் பேசினார். பிறகு ஐஸ்கிரீமைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "இங்கேயே நில்லுங்கள், அசையாதீர்கள்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனார். நான் அசையவில்லை.

கொஞ்ச நேரத்தில், தாடி வைத்த நெட்டைப் பையன் ஒருவன் குடையில்லாமல் நனைந்துகொண்டு வந்தான்.

"கோமதிதானே? என்னைக் குனிய வைக்க வந்தவர்?"

எடுத்த எடுப்பிலேயே இப்படிக் கேட்டால் என்ன சொல்வது? ஆமாம் என்றேன். பெட்டியை வாங்கிக்கொண்டான். இந்த நாட்டில் எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம், மாமியாரைக்கூட. ஒஸ்லோவுக்குப் போகும் ரயிலில் உட்கார்ந்ததும், "நீங்கள் எப்போது விட்டீர்கள்?" என்றான். சிகரெட்டை எப்போது விட்டீர்கள் என்று கேட்கிற தொனி. எனக்கு அவனை அப்போதே பிடித்துவிட்டது.

வசந்தியின் வீடு ரொம்சோஸில். அந்த மெட்ரோ நிலையம் பாறைக்குள் குடைந்தது. வெளியே வந்தால் மலைச்சரிவில் வரிசை வரிசையாக அடுக்குமாடி வீடுகள். படிக்கட்டில் ஏறும்போதே ஒரு தளத்தில் பாகிஸ்தான்காரர் வீட்டு வெங்காயம் வதங்குகிறது, அடுத்த தளத்தில் நம் கறிவேப்பிலை.

கதவைத் திறந்தால் உள்ளே ஈரச் செருப்பும் சப்பாத்தும் விடுவதற்கு நோர்வே மொழிப் பத்திரிகையை விரித்துப் போட்டிருந்தார்கள். நான் பத்திரிகையைத் தள்ளி வெறும் தரையில் செருப்பைக் கழற்றினேன். தரை நனைந்தது. டானியல் அதைப் பார்த்தான்.

"பயணம் எப்பிடி? களைச்சுப் போனீங்களோ?" என்றார் சிவநேசன். ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறவர். அதிர்ந்து பேசாத மனிதர்.

"டயர்டெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. பசிதான் கொல்லுது," என்றேன்.

அபிராமி சிரித்தாள். "அம்மா, அன்ரி படத்திலை கதைக்கிற மாதிரியே கதைக்கிறா." அவர்களுக்கு நான் பேசுவது சினிமா வசனம். எனக்கு அவர்கள் பேசுவது பாட்டு. இடியப்பமும் சொதியும் வைத்தார்கள். டானியல் இடியப்பத்தைக் கையால் பிசைந்து எங்களைவிட ஒழுங்காகச் சாப்பிட்டான். தட்டில் ஓர் இழை மிச்சமில்லை. "இன்னும் வைக்கட்டோ?" என்று வசந்தி கேட்டபோது "ஓம்" என்று தமிழில் சொன்னான். அவள் முகம் மலர்ந்ததையும் உடனே அதை அடக்கிக்கொண்டதையும் பார்த்தேன். பிள்ளையார் விஷயம் முடியும்வரை அவனை முழுசாகப் பிடித்துப்போகக் கூடாது என்று வைத்திருக்கிறாள்போல.

மறுநாள் டானியல் எனக்கு ஊரைச் சுற்றிக் காட்டினான். துறைமுகத்தில் உட்கார்ந்து அவன் கொண்டுவந்த ரொட்டியைச் சாப்பிட்டோம். மேலே பழுப்புநிறப் பாலாடைக்கட்டி. திரட்டுப்பாலில் உப்புப் போட்டால் எப்படியிருக்கும்? அதுதான். முதல் துண்டில் முகம் சுளித்தேன். மூன்றாவது துண்டை நானே கேட்டு வாங்கினேன்.

"உன் வீட்டில் எவ்வளவு ஆசாரம்?" என்று ஆரம்பித்தேன். எங்கள் பேச்சு ஆங்கிலத்தில்தான்.

"எவ்வளவு தெரியுமா? சனிக்கிழமை ஓய்வுநாள். எந்த வேலையும் செய்யக் கூடாது. விளக்கைப் போடக் கூடாது, வாகனத்தில் ஏறக் கூடாது. காகிதம் கிழிப்பதும் வேலை. அதனால் வெள்ளிக்கிழமை மதியமே கழிவறைக் காகிதத்தைக் கிழித்து அடுக்கி வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பு எனக்கு. என் மதச்சேவை அதுதான்."

இறைச்சிக்கு ஒரு தட்டு, பாலுக்கு ஒரு தட்டு என்றான். எங்கள் வீட்டில் சாமிக்குப் படைக்கிற பாத்திரமும் வெளியாருக்குக் கொடுக்கிற பாத்திரமும் வேறு வேறு என்றேன். அவர்கள் முறைப்படி அறுத்த இறைச்சி வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், எப்போதாவதுதான் கிடைக்கும், அதனால் பாதி நாள் மரக்கறிதான் என்றான். அதனால்தான் வசந்தி சமையல் இவனுக்கு இவ்வளவு ஒத்துப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"அப்புறம் எப்படிப் போனது?"

"ஹம்மர்பெஸ்டில் போனது." சிரித்தான். "பதினைந்து வயது. பள்ளிச் சுற்றுலா. வடக்கே, கோடையில். எங்கள் ஓய்வுநாள் வெள்ளிக்கிழமை சூரியன் மறையும்போது தொடங்கும், சனிக்கிழமை வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்ததும் முடியும். அங்கே சூரியன் மறையவே இல்லை. நட்சத்திரத்துக்கு எங்கே போவேன்? அப்பாவுக்குப் போன் செய்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒஸ்லோ நேரத்தைப் பார்த்துக்கொள் என்றார். சரி என்று போனை வைத்தேன். வைத்த பிறகு ஒரு கேள்வி வந்தது. உலகத்தைப் படைத்தவருக்கு ஹம்மர்பெஸ்ட் இருப்பது தெரியாதா?"

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். எங்கள் வீட்டில் கேள்வி கேட்பது பாவமில்லை. அப்பாவும் நானும் சாப்பாட்டு மேசையில் மணிக்கணக்காக வாதாடுவோம். வாதாடக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். இருபது வயதில் அவரிடமே சொன்னேன், நான் நம்பவில்லை என்று."

"என்ன சொன்னார்?"

டானியல் கடலைப் பார்த்தான். "நம்பாதே, அது உனக்கும் அவருக்கும் உள்ள விவகாரம் என்றார். ஆனால் அவரை விட்டுவிட்டு இன்னொன்றுக்கு முன்னால் குனியாதே, அது உனக்கும் எனக்கும் உள்ள விவகாரம் என்றார்."

அவன் அம்மா இறந்துவிட்டார். அப்பா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்து, இப்போது ஓய்வில் இருக்கிறார். மகன் வேறு இனத்தில் கல்யாணம் செய்வது அவருக்குப் பெரிய அடி. கல்யாணத்துக்கு வருவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

நான் கொண்டுவந்த வாதத்தை அப்போது எடுத்து விட்டேன். அது வெறும் மஞ்சள் தூளும் தண்ணீரும். நீ குனிய மறுக்கிறபோதுதான் அதைக் கடவுள் ஆக்குகிறாய். உண்மையான நாத்திகனுக்கு அதன் முன் குனிவதும் ஒன்றுதான், கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிவதும் ஒன்றுதான். சொல்லி முடித்ததும் எனக்கே கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

"ரொம்பச் சரி," என்றான் டானியல். "என் தலை முழுசாக ஒப்புக்கொள்கிறது. கழுத்துதான் ஒப்பவில்லை."

மழையில் நனைந்து வீடு திரும்பினோம். வாசலில் பத்திரிகை. நான் பழக்கப்படி அதைத் தள்ளிச் செருப்பைக் கழற்றினேன்.

"நேற்றும் பார்த்தேன்," என்றான். "ஏன் அதன் மேல் வைக்கவில்லை?"

"எழுத்து இருக்கிற காகிதத்தில் கால் படக் கூடாது."

"அது பழைய கார் விளம்பரம். உங்களுக்குப் படிக்கவும் தெரியாது. கால் பட்டால் என்ன?"

"சரஸ்வதி..." என்று ஆரம்பித்து வாயை மூடிக்கொண்டேன்.

"யார், அந்த இல்லாத சரஸ்வதியா?"

எனக்குக் கோபம் வந்தது. ஒரு பழைய கார் விளம்பரம் என்னை என்ன செய்துவிடும்? ஈரக் காலைத் தூக்கினேன். காகிதத்துக்கு மேலே கொண்டுபோனேன். கால் இறங்கவில்லை. முப்பது வருஷமாகக் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவள், ஒற்றைக் காலில் கொக்குமாதிரி நிற்கிறேன். டானியல் கேலி செய்யவில்லை. என் கையைப் பிடித்து நான் விழாமல் பார்த்துக்கொண்டான். பிறகு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் வசந்தி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

ஒன்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நாத்திகர்கள் எல்லாரும் ஒரே ஊர்க்காரர்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். அப்படியில்லை. எந்த வீட்டிலிருந்து வெளியே வந்தோமோ அந்த வீட்டு மண் காலில் ஒட்டிக்கொண்டுதான் வருகிறது. நம் ஊர் நாத்திகருக்கு மேடையும் மைக்கும் வேண்டும். நோர்வேக்காரர் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகமாட்டார், ஆனால் அதை யாரிடமும் சொல்லவும் மாட்டார். டானியல் தினமும் கடவுளோடு வாதாடிக்கொண்டே அவர் இல்லை என்கிறான். நான் சரஸ்வதியை நம்பாமலே அவளுக்கு மரியாதை கொடுக்கிறேன். இதில் யார் யாரைத் திருத்துவது? எனக்கு என் மேலேயே எரிச்சலாக இருந்தது. வந்த வேலை நடக்கவில்லையே.

சாயங்காலம் வசந்தியோடு பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். வெளியே பட்டப்பகல் மாதிரி வெயில். ஹம்மர்பெஸ்ட் கதையைச் சொன்னேன்.

"ஹம்மர்பெஸ்டோ?" என்றாள். "நான் முதல்முதல் வேலை செய்தது அங்கைதானே. மீன் பக்டரி. நாள் முழுக்க மீன் வெட்டுறது. எனக்கெண்டால் வெள்ளிக்கிழமை விரதம். பொழுதுபட்டு விளக்கு வைச்சாப்பிறகுதான் சாப்பாடு. அங்கை பொழுது பட்டால்தானே!"

"அப்புறம் என்ன பண்ணினே?"

"யாழ்ப்பாணத்து நேரத்தைப் பாத்தன். அங்கை பொழுதுபட்டால் எனக்கும் பட்டிட்டுது எண்டு விளக்கைக் கொளுத்திப்போட்டுச் சாப்பிட்டன்."

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். "அவங்க அப்பாவும் இதையேதான்டி சொல்லியிருக்கார். ஒஸ்லோ டைமைப் பாத்துக்கோன்னு!"

வசந்தி சிரிக்கவில்லை. கத்தியை வைத்துவிட்டு, "அந்த மனுசன் கலியாணத்துக்கு வாறாரோ?" என்று கேட்டாள்.

"இன்னும் ஒண்ணும் சொல்லலையாம்."

"வேறை பிள்ளையள் இருக்கோ?"

"இல்லை. இவன் ஒருத்தன்தான்."

அவள் மறுபடி பயற்றங்காயை எடுத்தாள். மாப்பிள்ளையின் அப்பாவைப் பற்றி அவள் விசாரித்தது அதுதான் முதல்தடவை என்று நினைக்கிறேன்.

இரண்டொரு நாள் கழித்து டானியல் வந்தான். அபிராமி வேலையிலிருந்து வந்திருக்கவில்லை. முன்னறையில் என்னிடம் மெதுவாகச் சொன்னான். "நான் குனிகிறேன், கோமதி."

"என்ன ஆச்சு?"

"அப்பா நேற்றுப் பேசினார். வரமாட்டேன் என்றார். ஆகவே இப்போது வசந்தியை மட்டும்தான் நான் வருத்தப்படுத்திக்கொண்டிருக்கிறேன். என் கழுத்து இனி யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்?"

நான் ஜெயித்துவிட்டேன். அந்த ஜெயம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. வசந்தியிடம் சொன்னபோது, "எடியே, நீ கெட்டிக்காரியடி!" என்று கட்டிக்கொண்டாள். காரணம் என்ன என்று கேட்டாள். சொன்னேன். கட்டியிருந்த கை தளர்ந்தது. "ஓ," என்றாள்.

அபிராமியோடு பூமாலைக்குச் சொல்ல மெட்ரோவில் போனபோது இன்னொன்றும் தெரியவந்தது. அவள் பேச்சுக்குப் பேச்சு "இக்கே சான்ட்" என்பாள். "இல்லையா" என்று அர்த்தமாம்.

"ஐயர் சனிக்கிழமையும் நல்ல நாள், ஞாயிற்றுக்கிழமையும் நல்ல நாள் எண்டவர் அன்ரி. இஞ்சை எல்லாரும் சனிக்கிழமைதான் வைக்கிறவை. அப்பதான் அடுத்தநாள் படுத்து எழும்பலாம், இக்கே சான்ட்? டானியல்தான் ஞாயிறு எண்டு நிண்டவன்."

"ஏனாம்?"

"சனிக்கிழமை அவன்ரை அப்பா வாகனம் ஏறமாட்டார்."

"அவர் வருவார்னு நினைச்சானா?"

"இல்லை அன்ரி. வரமாட்டார் எண்டு நினைச்சுக்கொண்டேதான் வைச்சவன்." அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சுரங்கத்துக்குள் சன்னலில் பார்க்க ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை. ரொம்சோஸுக்குக் கீழே ஒரு பொது மண்டபத்தில் கல்யாணம். கூடைப்பந்து வளையத்தைப் பட்டுத்துணியால் மறைத்திருந்தார்கள். மேளம் பாரிஸிலிருந்து வந்திருந்தது. வாசலில் வசந்தி பன்னீர்ச் செம்போடு நின்று வருகிறவர்களுக்குத் தெளித்தாள். தமிழர், நோர்வேக்காரர் என்று பேதமில்லாமல் எல்லார் சட்டையிலும் ரோஜா மணத்தது. நோர்வேக்காரர்கள் சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே வந்து முதல் வரிசையில் அமர்ந்திருந்தார்கள். நம்மவர்கள் நம் நேரப்படி வந்தார்கள்.

யாழ்ப்பாண முறையில் மாப்பிள்ளைதான் முதலில் மணவறைக்கு வருவார். பெண்ணைப் பிறகுதான் அழைப்பார்கள். டானியல் வேட்டி, சால்வை, முத்து வைத்த தலைப்பாகையோடு மணவறையில் உட்கார்ந்தான். அத்தனை பெரிய உடம்பை அந்தச் சின்னப் பலகையில் மடக்கி வைத்திருந்தான். எதிரே வெற்றிலைமேல் மஞ்சள் பிள்ளையார், சுண்டுவிரல் உயரம். தலையில் ஒரு கொத்துப் புல். அறுகம்புல் கிடைக்காமல் வீட்டுப் பின்புறப் புல்தரையில் சிவநேசன் தேடிப் பிடுங்கிய புல் அது.

ஐயர் மந்திரம் சொல்லி முடித்து, "தம்பி, இப்ப பிள்ளையாரைக் கும்பிடுங்கோ," என்றார். சிவநேசன் நோர்வே மொழியில் சொன்னார். டானியல் என்னைத் தேடிப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன். வேண்டாம்டா என்று கத்தலாமா என்றிருந்தது. ஏற்பாடு செய்தவளே நான். எந்த வாயால் கத்துவது?

அவன் கைகளைக் கூப்பினான். தலை மெல்ல இறங்கியது.

அப்போதுதான் வாசலிலிருந்து வசந்தி வேகமாக நடந்து வந்தாள். சேலை தடுக்க, கையில் பன்னீர்ச் செம்போடேயே மேடை ஏறினாள். டானியலின் தோளில் கையை வைத்தாள்.

"வேண்டாம் தம்பி. நிமிருங்கோ."

அவன் புரியாமல் பார்த்தான். அதையே நோர்வே மொழியில் சொன்னாள். ஐயர் கையில் பூவோடு, "என்னம்மா இது?" என்றார்.

"நீங்கள் பூசையைச் செய்யுங்கோ ஐயா. அவருக்காக நான் கும்பிடுறன்."

முதல் வரிசைப் பெரியவர் ஒருவர், "உதென்ன புது முறை?" என்று கேட்டது மண்டபம் முழுக்கக் கேட்டது.

"ஓம், புது முறைதான்," என்றாள் வசந்தி. செம்பைச் சிவநேசன் கையில் கொடுத்தாள். பிள்ளையாருக்கு முன்னால் முழங்காலிட்டுத் தலை தரையில் படக் கும்பிட்டாள். எழுந்தாள். மறுபடி முழங்காலிட்டு இன்னொரு தரம் கும்பிட்டாள். எதையும் விட்டுவிடக் கூடாதே என்று கவனமாகச் செய்தாள். சிவநேசன் செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஐயர் கொஞ்சம் யோசித்தார், பிறகு பூவைப் போட்டார்.

எனக்கு உட்கார முடியவில்லை. அவள் வாசலில் எதையோ பார்த்திருக்கிறாள். வெளியே போனேன். சைக்கிள் நிறுத்துமிடத்தில் கறுப்புத் தொப்பியும் கோட்டும் போட்ட ஒரு கிழவர் நின்றிருந்தார். குள்ளம். கோட்டில் பன்னீர் மணம். முகத்தில் டானியலின் சாடை. யாரென்று தெரிந்துவிட்டது.

"ஆங்கிலம் பேசுவீர்களா?" என்று கேட்டேன். தலையசைத்தார். அவர் என்னைப் பற்றி ஒன்றும் விசாரிக்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான்.

"குனிந்துவிட்டானா?"

"இல்லை."

கண்ணை மூடிக்கொண்டார். பிறகு பேசினார். "வரக் கூடாது என்றுதான் இருந்தேன். பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் அந்த அம்மா என்மேல் தண்ணீர் தெளித்தார். உள்ளே இப்போது என்ன நடக்கிறது என்று கேட்டேன். மறைக்காமல் சொன்னார். அப்படியானால் நான் வெளியே நிற்கிறேன் என்றேன். நீங்கள் யார் என்று கேட்டார். சொன்னேன். இங்கேயே நில்லுங்கள் என்று சொல்லிவிட்டு ஓடினார்."

"அவனுக்காக அந்த அம்மாவே குனிந்தார்," என்றேன். "தனக்கு ஒரு முறை, அவனுக்கு ஒரு முறை."

அவர் தொப்பியைக் கழற்றினார். உள்ளே உச்சந்தலையில் சின்ன வட்டக் குல்லாய் இருந்தது; கடவுளுக்கு மரியாதையாக அவர்கள் ஆண்கள் எப்போதும் தலையை மூடியிருப்பார்களாம். தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டார். "எங்கள் கணக்கில் இது கல்யாணமே இல்லை," என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

மேளம் உச்சத்துக்குப் போனது. தாலி ஏறுகிறது என்று சொன்னேன். அவர் உள்ளே வரவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று எட்டி எட்டிப் பார்த்தார். உயரம் போதவில்லை. நான் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டேன். வேண்டாம் என்றார், பிறகு அதன்மேல் ஏறி நின்றார். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

சடங்கு முடிந்ததும் வசந்திதான் மணமக்களை வாசலுக்குக் கூட்டிவந்தாள். எதற்கென்று அவள் சொல்லவில்லைபோல. டானியல் கதவைத் தாண்டி வந்து அப்படியே நின்றுவிட்டான். அபிராமிக்கு நம் பழக்கம். கூறைச் சேலையோடு சட்டென்று கிழவரின் காலில் விழப்போனாள். அவர் பதறி, "இல்லை, இல்லை," என்று பின்னால் நகர்ந்து சைக்கிளில் இடித்துக்கொண்டார். மனிதருக்கு முன்னால் மனிதர் விழுவதை அவரால் தாங்க முடியவில்லை. வசந்தி குறுக்கே வந்து மகளை நிமிர்த்தி, நோர்வே மொழியில் அவரிடம் ஏதோ கேட்டாள். பெரியவர்களின் ஆசி வாங்க உங்களிடம் முறை ஒன்றும் இல்லையா என்று கேட்டதாகப் பிறகு சொன்னாள்.

அவர் மகனை ஏற இறங்கப் பார்த்தார். வேட்டி, சந்தனம், தலைப்பாகை. அவர் சொன்னதைக் கேட்டு அபிராமி அழுகைக்கு நடுவே சிரித்தாள். "எத்தினை வருசத்துக்குப் பிறகு இவன் தலையை மூடியிருக்கிறான் எண்டுறார் அன்ரி."

பிறகு கோட்டுக் கைகளை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு இரண்டு கைகளையும் தூக்கினார். ஒரு கை அபிராமியின் தலைக்கு மேலே, தொடாமல், பூவுக்கு ஒரு விரல் உயரத்தில் நின்றது. வாய் ஏதோ பழைய மொழியில் முணுமுணுத்தது. மற்றக் கை மகனின் தலையைத் தேடியது. அவர் கால்விரலில் எம்பினார். எட்டவில்லை.

டானியல் குனிந்தான்.